பதினாறு மடங்கு கனம்

செங் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலை கேட்டுக்கு வெளியே, கையில் மூன்று தாள்களும் ஒரு பொட்டலம் கறிபாப் பலகாரமும் வைத்துக்கொண்டு நின்றேன். மத்தியான ஷிப்ட் விடும் நேரம். பெண் பார்க்க வந்தவன் என்று நினைத்தாரோ என்னவோ, காவலாளி நாற்காலி போட்டுக் கொடுத்தார். நாற்பத்தாறு வயது வழுக்கைக்கு அது பெரிய மரியாதை.

டுரியான் துங்கால் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஆராய்ச்சி, விண்வெளிப் பிளாஸ்மாவில். சூரியக் காற்று விடாமல் ஓடும். அதற்குள் ஓர் அலை மட்டும் நகராமல் நிற்கும். துகள்கள் வந்து, தயங்கி, தாண்டிப் போகும். மேடு அதே இடத்தில். அப்படி ஓர் அழகான ஒற்றை மேட்டைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்திருந்தேன். போன வருடக் கருத்தரங்கில் என் மாணவி செலினா எழுந்து, “சார், ஆக்சிஜன் அயனியோட உந்தத்த எங்க சேர்த்தீங்க?” என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாத இடத்தில் ஜோக் அடிப்பேன்; என் உண்மையான டாக்டர் பட்டம் அதில்தான்.

“புரோட்டான் மோட்டர்பைக், ஆக்சிஜன் லாரி-லா. பைக் பறக்கிறப்ப லாரிய யாரு பார்க்கிறா? செலினா மட்டும் லாரிக்குக் காத்திருக்குது. டிரைவர் யாரும்மா?”

அறையே சிரித்தது. அடுத்த செமஸ்டர் அவள் வரவில்லை.

போன வாரம்தான் அந்த உந்தத்தைச் சேர்த்துப் பார்த்தேன். ஆக்சிஜன் எண்ணிக்கையில் கொஞ்சம்தான். ஆனால் ஒவ்வொன்றும் பதினாறு புரோட்டான் கனம். புரோட்டான் இழப்பதை அது வாங்கிக்கொள்கிறது. என் மேடு இரண்டு பக்கமும் நெளிநெளியாகக் குலைந்துபோனது. அந்த மேட்டை வைத்து எழுதிய கட்டுரை அச்சாகி எட்டு மாதம்.

நீலச் சீருடையில் செலினா வந்தாள். “சாரா? யாரும் செத்துட்டாங்களா?”

“என் பேப்பர்தான்மா.” பாருங்கள், அங்கேயும் வாய் சும்மா இருக்கவில்லை. “நீ அன்னிக்குக் கேட்டது சரி. நான்தான் தப்பு. மன்னிச்சிரு.”

அவள் தாள்களை வாங்கி நின்றபடியே படித்தாள். இரண்டாம் தாளில் விரல் நின்றது. “இங்க ஆக்சிஜனோட வேகம் கூடணும் சார். நீங்க மாறாமலே வெச்சிருக்கீங்க.”

திருத்தம் என்று கொண்டுவந்ததிலும் தப்பு.

“அன்னிக்கு எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சேர்ந்து சிரிச்சேன் சார்” என்றாள், தாளைப் பார்த்தபடி. “அதான் எனக்குத் தாங்கல.”

நான் பொட்டலத்தை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

“இத அந்த ரூம்ல சொல்வீங்களா? இல்ல, கேட்டுக்கு வெளிய மட்டும்தானா?”

தொழிற்சாலை பஸ் ஹாரன் அடித்தது. “பேனா குடுங்க” என்று வாங்கிக்கொண்டு, தாள்களோடு ஏறிவிட்டாள்.

கருத்தரங்கின் வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்தேன். ‘செலினா அன்று கேட்டது சரி. என் கட்டுரை தப்பு. திரும்பப் பெறுகிறேன்.’ பழக்க தோஷத்தில் விரல் பின்னாலேயே ஒரு சிரிப்பு முகத்தையும் போட்டது. அதை அழித்துவிட்டு அனுப்பினேன்.

அரை நிமிடத்தில் முதல் பதில் வந்தது. வரிசையாக மூன்று சிரிப்பு முகங்கள். ‘சார், இன்னிக்கு என்ன ஜோக்?’ என்று மாணவன் பிரான்க்ளின்.

‘ஜோக் இல்லை’ என்று தட்டினேன். அதற்கும் ஒருவன் சிரித்தான்.

நிமிர்ந்து பார்த்தேன். ஜங்ஷனில் ஒரு கண்டெய்னர் லாரி மெதுவாகத் திரும்ப, பைக்குகள் அதைச் சுற்றி அடைபட்டு, பிதுங்கி, விடுபட்டுப் பறந்தன. பின்னால் வந்தவை அதே இடத்தில் அடைபட்டன. அந்த நெரிசலுக்குள் பஸ் நின்றிருந்தது. ஜன்னல் கண்ணாடியில் தாளை அழுத்தி வைத்து, தலை குனிந்து, அவள் எதையோ அடித்து எழுதிக்கொண்டிருந்தாள்.