எரிச்சல் போன கால்

என் கைக்குக் கீழே யாரும் சும்மா இருந்ததில்லை. உள்ளங்காலில் குச்சியை வைத்து ஓர் அழுத்து அழுத்தினால் எப்பேர்ப்பட்ட ஆளும் "அம்மாடி" என்று எகிறுவான். கத்தாதவனைக் கண்டால் எனக்குக் கோபமே வரும். அன்றைக்குக் கோதண்டராமன் கத்தவில்லை.

ஷூ கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறவர், சர்க்கரைக்காரர். கால் நெருப்பாய் எரிகிறதென்று ஆறு வாரத்துக்கு முன்னால் ஆம்பூர் பஜாரில் நான் அக்குபிரஷர் பார்க்கிற மாடி அறைக்கு வந்தார். வாரம் இரண்டு தடவை அழுத்திவிட்டேன். அன்று மனைவி ஷர்மிளாவோடு, கையில் ஆற்காடு மக்கன் பேடா இனிப்புப் பெட்டியோடு வந்து நின்றார்.

"எரிச்சல் சுத்தமா போய்ட்ச்சும்மா ஜோதி. மாத்திரையக்கூட நிறுத்திட்டேன். டாக்டருங்க பண்ணாதத நீ பண்ணிட்ட."

"யாரக் கேட்டு நிறுத்துனீங்க?" என்று பாய்ந்தேன். ஆனாலும் உள்ளுக்குள் குளிர்ந்துபோனேன், பொய் சொல்வானேன். சர்க்கரைக்கு இதுதான் புள்ளி என்று முதல் நாளே தொட்டுக் காட்டியவள் நான்தானே.

வலது காலை மடியில் தூக்கி வைத்துக் குச்சியை ஊன்றினேன். அவர் பேடாவின் பெருமையைப் பேசிக்கொண்டிருந்தார். பலமாக அழுத்தினேன். பேச்சு நிற்கவில்லை. குதிகாலைத் திருப்பிப் பார்த்தேன். கறுப்பாக ஒரு புள்ளி, சுற்றிலும் சிவந்து வீங்கியிருந்தது.

அது ஆணி. ஷூவின் அட்டையை அச்சில் நிறுத்த அடிக்கிற பொடி ஆணி. இந்தத் தொழிலுக்கு வருமுன் ஒன்பது வருஷம் ஷூ கம்பெனியில் அதைப் பிடுங்குவதுதான் என் வேலை, எனக்குத் தெரியாதா? இந்த மனுஷன் அதைக் காலில் வைத்துக்கொண்டு என் மாடிப்படி ஏறி வந்திருக்கிறார்.

குச்சியைக் கீழே வைத்தேன்.

"அண்ணா, கண்ண மூடுங்க. எந்த வெரல புடிச்சிருக்கேன், சொல்லுங்க."

"சுண்டு வெரலு," என்றார் உடனே. "நல்லா புடிக்கிற. சொகமா இருக்குது."

என் இரண்டு கையும் காற்றில் இருந்தன. ஷர்மிளா அதைப் பார்த்துவிட்டாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னாக்கா இது?" என்றாள்.

அந்த ஒரு நிமிஷம் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. எரிச்சல் போன காலைப் பார்த்துக் குணமாகிவிட்டது என்று பூரித்தவள் நான். ஊர் முழுக்க அவர் என் பேரைச் சொல்லித் திரிந்தபோது வேண்டாம் என்றேனா?

"கண்ணத் தொறங்க அண்ணா. நான் உங்களத் தொடவே இல்ல. உங்க கால்ல ஆணி ஏறியிருக்குது, அதுகூட உங்களுக்குத் தெரியல. எரிச்சல் என்னால போவல. கால் மரத்துப்போய்ட்ச்சு. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போவணும். லேட் பண்ணா கால எடுக்கற மாதிரி ஆயிடும்."

அவர் சிரித்தார். "நீ இன்னாம்மா பேஜார் பண்ற. நல்லா ஆன காலுக்கு ஆஸ்பத்திரியா?"

"நல்லா ஆகல! உங்க கால்ல விழறேன், கெளம்புங்க!" கத்தினேன். ஷர்மிளா அழுதுகொண்டே அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

எனக்காகத்தான் எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு, "சும்மா பயந்துக்குற, கால் பஞ்சு மாதிரி இருக்குது," என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினார். மூன்றாம் படியில் வலது செருப்பு கழன்று அங்கேயே நின்றுவிட்டது. அவர் பேசிக்கொண்டே இறங்கிப் போனார்.