கோவில் மைக்கில் சிறுத்தை

1

இந்தக் கதை ஒரு சிறப்பு மலருக்காகப் பிறந்தது. வனவிலங்கு தினத்துக்கு மலர் போடுகிறோம், பாதி வாழ்த்துச் செய்தி, மீதி விளம்பரம், இரண்டுக்கும் நடுவில் ஓர் இடுக்கு இருக்கிறது, அதில் சொருக ஒரு வீரக்கதை வேண்டும் என்று பதுளையில் ஒரு குழுவினர் கேட்டார்கள். ‘காட்டைக் காக்கும் மாவீரன்’ என்று தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள். தலைப்புக்குக் கீழே ஒரு மாவீரனை நிரப்புவதுதான் என் வேலை.

நிரப்பத் தொடங்கினேன்.

அடர்வனத்தின் மௌனத்தைக் கிழித்துக்கொண்டு, கழுகுக் கண்களும் இரும்புத் தோள்களுமாய் அவன்—

(இந்த வாக்கியத்தை இங்கேயே விட்டுவைக்கிறேன். குப்பையில் போட்டால் யாராவது எடுத்து வேறொரு மலரில் போட்டுவிடுவார்கள்.)

2

எனக்குத் தெரிந்த ஒரே தேசியப் பூங்காக் காவலர் நௌபர். தோள் இரும்பு அல்ல. வலது தோளுக்கு எண்ணெய் போட்டுக்கொள்கிறார். கண்ணுக்குக் கண்ணாடி. வயிற்றில் புண் இருப்பதால் சட்டைப்பையில் எப்போதும் கிறீம் கிரேக்கர் பிஸ்கட்.

அவருடைய வேலை பெரும்பாலும் வாசலில்தான். உள்ளே போகிறவர்களின் தண்ணீர்ப் போத்தலில் லேபலை உரிக்க வேண்டும். பொலித்தீன் பையைப் பறிக்க வேண்டும். மரைமானுக்கு பிஸ்கட் கொடுக்கிறவர்களிடம் கெஞ்ச வேண்டும். மூடுபனியில் மலை விளிம்புக்குப் போய்ப் படம் எடுக்கிற புது மாப்பிள்ளைகளைக் காலரைப் பிடித்து இழுத்து வர வேண்டும். இதில் எதற்கும் பதக்கம் கிடையாது.

கதை எழுதப்போகிறேன் என்றதும் நௌபர் ஒரு நிபந்தனை போட்டார்.

“என்னத்தயும் எழுதுங்க. சிறுத்த திரும்பி எண்ட கண்ணப் பாத்து நன்றி செல்லிச்சு எண்டு மட்டும் எழுதவேணாம். அது என்னய எங்க பாத்த? எண்ட பின்னுக்கு நிண்ட சனத்தத்தான் பாத்த.”

வாக்குக் கொடுத்தேன். என் கதையின் கடைசி வரி அங்கேயே செத்துப்போனது.

3

பூங்காவுக்குக் கீழே, ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். பெயர் வேண்டாம்; தோட்டத்துத் துரைமார் கதை படிப்பதில்லை, ஆனால் பெயர் வந்தால் படிப்பார்கள். அங்கிருந்து கணக்கப்பிள்ளை புவனேந்திரன் ஒருநாள் காலையில் நௌபருக்குப் போன் எடுத்தார்.

“சேர், லயத்து வீடுகளுக்குப் பின்னால மரக்கறிப் பாத்தியில சிறுத்த மாட்டிக்கிச்சுங்க. காட்டுப்பன்னிக்கு வச்ச சுருக்குக் கம்பி. உசிரோடதான் இருக்கு.”

நௌபர் பயந்தது உயிரோடு என்ற சொல்லுக்குத்தான். போன வருடம் இன்னொரு தோட்டத்திலும் உயிரோடுதான் இருந்தது. சனம் கூடக் கூட அது துள்ளியது. துள்ளத் துள்ள இடுப்புக் கம்பி உள்ளே இறங்கியது. மிருக வைத்தியர் வருமுன் முடிந்துவிட்டது. சாக்கில் சுற்றி ஜீப்பில் ஏற்றிய கையோடு நௌபர் வீட்டுக்குப் போனார். மகள் றமீலா அந்தச் சாக்கைப் பார்த்துவிட்டாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. அதிலிருந்து சிறுத்தை என்று போன் வந்தால் அவள் கேட்பது ஒரே கேள்விதான்: “வாப்பா, உசிரோடயா?”

அன்று காலையும் கேட்டாள். “இப்ப உசிரோட,” என்று சொல்லிவிட்டு நௌபர் ஜீப்பில் ஏறினார். அந்த ‘இப்ப’வை மாலைவரை காப்பாற்ற வேண்டும். முழுக் கதையும் அவ்வளவுதான்.

4

போய்ச் சேர்ந்தபோது பாத்தியருகே ஏழெட்டுப் பேர்தான் நின்றார்கள். கோவாச் (முட்டைக்கோஸ்) செடிகளை நசுக்கிக்கொண்டு, கொய்யா மரத்தில் கட்டிய கம்பியின் மறுமுனையில் ஒரு பெண் சிறுத்தை படுத்திருந்தது. இடுப்பில் சுருக்கு. ஆள் அசைந்தால் சீறியது. அசையாவிட்டால் மூச்சு மட்டும் வாங்கியது. மிருக வைத்தியர் வதனி கீழ்நாட்டில் யானையொன்றுக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தார். வந்துசேர மத்தியானம் ஆகும். அதுவரை சத்தம் கூடாது, கூட்டம் கூடாது.

நௌபர் இங்கேதான் ஒரு தவறு செய்தார். கோவிலில் மைக் இருந்தது. நான்கு மலைக்குக் கேட்கும் மைக். அதில் போய் நின்று, அழகாக, ஆறுதலாக, யாரும் மரக்கறிப் பாத்திப் பக்கம் வரவேண்டாம் என்று சொன்னார். இரண்டு தரம் சொன்னார்.

(வெளியூர் வாசகருக்கு: இங்கே ஒரு மண்சரிவு நடந்தது. அதற்குப் பிறகு அந்த மைக்கில் சொன்னதெல்லாம் ஒன்றுதான். அரிசி வந்திருக்கிறது, போர்வை வந்திருக்கிறது, இன்ன இடத்துக்கு வாருங்கள். பாதிச் சொற்களை மலை தின்றுவிடும். மிஞ்சுவது இடத்தின் பெயர். இடத்தின் பெயர் போதும்.)

கொஞ்ச நேரத்தில் லயங்களிலிருந்து சனம் வந்தது. பையோடு வந்தது. பக்கத்து டிவிசனிலிருந்தும் வந்தது. மலையில் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டு நின்ற பெண்கள் கொழுந்துச் சாக்கோடு இறங்கினார்கள். முன்னால் வந்த விஜயலெட்சுமி கேட்டாள்:

“என்னங்க சேர் குடுக்கிறீங்க? அரிசியா, மாவா?”

“ஒண்டும் குடுக்கல்ல. வரவேணாம் எண்டுதானே செல்லின.”

“மைக்குல எவனாவது வராதீங்கன்னு சொல்லுவானாங்க?”

நௌபர் கையை விரித்துக் குறுக்கே நின்றார். அதற்குள் விஜயலெட்சுமி சிறுத்தையைப் பார்த்துவிட்டாள். “அடி ஆத்தி, புலிடி,” என்று மெதுவாகத்தான் சொன்னாள். பின்னால் நின்றவர்கள் மெதுவாகக் கேட்கவில்லை. போன்கள் உயர்ந்தன. சிறுத்தை எழும்பித் துள்ளியது. கம்பி இறுகியது.

5

[இங்கே ஒரு பாத்திரத்தைப் பற்றிய சந்தேகம். பிரதேச சபை உறுப்பினர் ஒருவர். இரண்டு தரம் வெட்டினேன். அரசியல் ஆள் இல்லாமல் கூட்டம் மட்டும் இருந்தால் வாசகர் நம்பமாட்டார். திரும்ப உள்ளே விட்டேன்.]

வெள்ளை உடுப்பில் உறுப்பினர் வந்தார். நேரே சிறுத்தையைப் பார்க்கப் போகவில்லை. கூட்டம் எங்கே தடிப்பாக இருக்கிறது என்று பார்த்து அங்கே நின்றார். “சிறுத்தையும் இந்த மண்ணின் பிள்ளை,” என்று தொடங்கினார். பிள்ளை மயங்கிய பிறகு பக்கத்தில் உட்கார்ந்து ஒரு படம் எடுக்கலாமா என்று நௌபரின் காதில் கேட்டார். அவருடைய பேச்சைக் கேட்க இன்னும் கொஞ்சப் பேர் வந்தார்கள்.

வதனி வந்து இறங்கியதும் கூட்டத்தைப் பார்த்தார்.

“என்ன நௌபர், திருவிழாவோ?”

“மைக்கில செல்லிட்டன் டொக்டர்.”

“நல்ல வேலை செய்தியள். ஆக்களை அனுப்புங்கோ. இந்தச் சத்தத்துக்குள்ள நான் ஊசி அடிக்க மாட்டன். அரை மயக்கத்தில பாய்ஞ்சா அதுவும் போகும், ஆரேனும் ஆளும் போகும்.”

நௌபர் கெஞ்சினார். சட்டத்தைச் சொன்னார். கையெடுத்துக் கும்பிட்டார். முன்வரிசை ஓர் அடி பின்னால் போனது. பின்வரிசை இரண்டு அடி முன்னால் தள்ளியது. சிறுத்தையின் வயிற்றோரம் சிவப்பாகிவிட்டது. நௌபருக்குப் போன வருடத்துச் சாக்கு ஞாபகம் வந்தது.

அப்போதுதான் விஜயலெட்சுமி மேட்டுப் பாதையைத் திரும்பிப் பார்த்துவிட்டு அவசரமாகச் சொன்னாள்:

“காட்டுறதச் சட்டுன்னு காட்டுங்க சேர். பகலுக்குக் கொழுந்து நிறுக்க நேரமாகப் போகுது.”

நௌபர் புவனேந்திரனைப் பார்த்தார். “கணக்கப்பிள்ள, நீங்க போய் இப்பவே தராசத் தூக்குங்க.”

“இன்னும் நேரம் இருக்குங்களே சேர்.”

“அதுக்குத்தான் செல்றன்.”

புவனேந்திரன் மேட்டில் ஏறினார். நிறுவைக் கொட்டிலில் தொங்கிய தண்டவாளத் துண்டில் மணி அடித்தார்.

அந்த மணிக்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. வேளைக்குப் போகாதவளின் கொழுந்து நிறுக்கப்படாது; நிறுக்காத கொழுந்து பறிக்காத கொழுந்து. பெண்கள் சாக்கைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆண்கள் ஏன் ஓடினார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை; பெண்கள் இவ்வளவு வேகமாகப் போனால் அங்கே அரிசி கொடுக்கிறார்கள் என்று நினைத்திருக்கலாம். உறுப்பினர், “உழைக்கும் என் அன்பு மக்—” என்ற இடத்தில் தனியாக நின்றார். சிறுத்தை தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது. அவருக்கும் எங்கோ அவசர வேலை இருந்தது.

மேட்டிலிருந்து விஜயலெட்சுமியின் குரல் மட்டும் வந்தது. கொழுந்து நிறை குறைந்தால் அன்றைக்கு அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும்.

“நேரத்தோட நிறுத்துட்டா எப்புடிங்க நிறை வரும்? புலிக்கு முழுப் பேரு, எங்களுக்கு அரைப் பேரா?”

“எல்லாருக்கும் முழுப் பேருதான், சத்தம் போடாத,” என்றார் புவனேந்திரன்.

“புலி சாட்சிடி, எல்லாரும் கேட்டுக்கங்க.”

அதற்கப்புறம் மலை முழுக்க அமைதி. வதனியின் ஊசி பாய்ந்த சத்தம் நௌபருக்கு ஒரு பெருமூச்சு மாதிரிக் கேட்டதாம். (இது என் உவமை அல்ல, அவருடையது. அவருக்கும் கொஞ்சம் இலக்கியம் இருக்கிறது, சொன்னால் கோபிப்பார்.) கம்பியை வெட்டினார்கள். வதனி காயத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

“தோல்தான் வெட்டுப்பட்டிருக்கு. உள்ளுக்க ஒண்டும் இல்லை. தைச்சுப்போட்டு, எழும்பினதும் விடலாம்.”

நௌபர் கோவாப் பாத்தியிலேயே உட்கார்ந்து கிறீம் கிரேக்கர் ஒன்றை எடுத்தார். கடித்ததில் பாதி சிறுத்தையின் மேல் உதிர்ந்தது. ஊதித் துடைத்தார்.

6

முடிவுகள்.

அ) காட்டு விளிம்பு. இரும்புக் கூட்டின் கதவு திறக்கிறது. சிறுத்தை கம்பீரமாக வெளியே வந்து, ஒரு கணம் நின்று, திரும்பி— (வாக்கு. அழித்தாயிற்று.)

ஆ) உறுப்பினர் கயிற்றை இழுத்துக் கதவைத் திறந்துவைக்கிறார். (மலர்க்குழு கேட்ட திருத்தம். அவர்களுக்கு ஆ-வை எழுதித் தரமுடியாது என்றேன். “சிறுத்தை சரி, மாவீரன் எங்கே?” என்று கதையைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த இடுக்கில் இப்போது இன்னொரு வாழ்த்துச் செய்தி இருக்கிறது.)

இ) நடந்தது. மாலையில், சிறுத்தையை அடைத்த கூட்டை ஏற்றி வந்து காட்டு விளிம்பில் இறக்கி வைத்தார்கள். நௌபரும் வதனியும் ஜீப்புக்குள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, கதவில் கட்டிய கயிற்றை இடுக்கு வழியாக இழுத்தார்கள். கதவு மேலே போனது. ஒன்றும் வரவில்லை. தூறல் விழுந்தது. இரண்டு பேரும் மூச்சை அடக்கி அடக்கி விட்டதில் கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிட்டது. நௌபர் தொப்பியைக் கழற்றிக் கண்ணாடியைத் துடைத்தார்.

கூடு காலி.

வெறுங்கூட்டைப் பார்த்து ஒரு மனிதன் அவ்வளவு நேரம் சிரித்ததை வதனி முன்னர் கண்டதில்லை. அவரும் சேர்ந்துகொண்டார்.

போனில் றமீலா கேட்டாள். “வாப்பா, உசிரோடயா?”

“கூடு காலி, மகள்.”

“நீங்க கண்டீங்களா, போறத?”

“இல்ல.”

பிறகு அந்தப் பக்கம் குரல் தள்ளிப்போனது: “உம்மா, எனக்குப் பசிக்குது.”

ஆகவே கூட்டுக்கும் பற்றைக்காட்டுக்கும் இடையிலான அந்தப் பாய்ச்சலை யாரும் பார்க்கவில்லை. நானும் எழுதப்போவதில்லை. இடம் விட்டிருக்கிறேன், நீங்கள் விருப்பப்படி பாயவிடலாம், நொண்டவிடலாம், சோம்பல் முறித்து நடக்கவிடலாம்.

திரும்பிப் பார்க்க மட்டும் விடாதீர்கள். அதற்கு வீடு அந்தப் பக்கம்.