துண்டறிக்கையில் பெரிலின் முகம்

வாசற்கதவின் தபால் துளை வழியாக விழுந்த தேர்தல் துண்டறிக்கையை எடுத்துப் பார்த்தாள் பெரில் ஹாஸ்கின்ஸ். அதில் இருந்தது அவளுடைய முகம்.

போன வருடம், ஃபாக்லாந்துப் போர் முடிந்து கப்பல் போர்ட்ஸ்மத் துறைமுகத்துக்குத் திரும்பிய அன்று யாரோ எடுத்த படம். சுற்றிலும் கொடிகள், நடுவில் வாய் கிழியக் கத்திக்கொண்டு அவள். கீழே 'பெருமை மீண்டது' என்று கொட்டை எழுத்தில் போட்டு, ஆளுங்கட்சிக்கு ஓட்டுக் கேட்டிருந்தார்கள்.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அன்று அவள் பெருமையில் கத்தவில்லை. அந்தக் கப்பலில் சண்டைக்குப் போயிருந்த மகன் கிளைவுக்குத் தீக்காயம் என்ற சேதி மட்டும்தான் வந்திருந்தது. மற்ற பிள்ளைகள் இறங்கி வந்து தாய்மாரைக் கட்டிக்கொண்டபோது, "எம்மவன் எங்க?" என்று கப்பலைப் பார்த்துக் கத்தினாள். அவன் கடைசியில்தான் இறங்கினான், இரண்டு கைகளிலும் கட்டோடு.

அவள் கணவன் ரெஜ் கப்பல் பட்டறையில் முப்பது வருடம் வெல்டராக இருந்தவன். போருக்கு முந்தின வருடம் அரசாங்கம் அங்கே ஆட்குறைப்பு அறிவித்தபோது, அந்தத் தெருவில் அதைக் காறித் துப்பாத வாய் இல்லை. பிறகு எட்டாயிரம் மைலுக்கு அப்பால், ஆடு மேயும் அந்த ஃபாக்லாந்துத் தீவுகளில் சண்டை மூண்டது. ஜெயித்ததும் அதே வாய்கள் புகழ ஆரம்பித்தன. ரெஜ்ஜுக்குப் போன வேலை போனதுதான்.

அன்று மாலை தேவாலயக் கூடத்தில் வேட்பாளர் ஆஷ்காம்ப் பேசிக்கொண்டிருந்தார். பெரில் துண்டறிக்கையைத் தூக்கிப் பிடித்து எழுந்தாள்.

"இது நான்தான். எம்பிள்ளை உயிரோட இருக்கானா செத்தானான்னு தெரியாம அலறுறேன். இதை வச்சா ஓட்டுக் கேக்குறீங்க?"

ஆஷ்காம்ப் முகத்தில் சிரிப்பு மாறவில்லை. "உங்க மகனை நெனச்சு இந்த நாடே பெருமைப்படுது, மேடம்."

கூடம் முழுக்கக் கைதட்டியது. அவள் மேலே பேசியது எதுவும் யார் காதிலும் விழவில்லை. அடுத்த வீட்டு ஐவி அவள் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காரு பெரில். பையன் பேரக் கெடுக்காத."

"இவனுகளை ஊரை விட்டே துரத்தணும்னு நீதான சொன்ன?"

"அது அப்போ. இப்ப நாம ஜெயிச்சுட்டோம்ல."

"நீ ஜெயிச்சியா? தீவுல உனக்கு எத்தனை ஆடு குடுத்தாங்க?"

வீட்டுக்கு வந்து கிளைவிடம் கொட்டித் தீர்த்தாள். மடங்காத விரல்களுக்கு நடுவே தேநீர்க் கோப்பையை இடுக்கிக்கொண்டு அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

"நானும் அவங்களுக்குத்தாம்மா போடப்போறேன்," என்றான்.

"உனக்குப் பைத்தியமாடா?"

"அவங்க தோத்தா, அந்தச் சண்டையே தப்புன்னு ஊர் பேசும். அப்புறம் கப்பல்ல என்கூட இருந்த டெரெக் எதுக்குச் செத்தான்? என் கை எதுக்கு வெந்துச்சு? சும்மாவா?"

அவளுக்குக் கோபம் இன்னும் ஏறியது. கையையும் வாங்கிக்கொண்டு, அந்தக் கையை வைத்தே ஓட்டையும் வாங்கிவிட்டார்களே என்று பல்லைக் கடித்தாள்.

தேர்தலன்று கிளைவ் தோல் ஒட்டும் சிகிச்சைக்காக மருத்துவமனையில் கிடந்தான். அவனுக்குப் பதிலாக ஓட்டுப் போட அவளைத்தான் எழுதிக் கொடுத்திருந்தான். சாவடியில் அவள் கையில் இரண்டு சீட்டுகள். தன் சீட்டில் எதிர்க்கட்சிக்கு நேராகப் பெருக்கல் குறி போட்டாள். அவன் சீட்டில் எதைப் போட்டாலும் கேட்க ஆளில்லை. வெகுநேரம் நின்றாள். பிறகு ஆஷ்காம்பின் பெயருக்கு நேராக அழுத்திய அழுத்தில் பென்சில் முனை உடைந்தது.

மறுநாள் ஆளுங்கட்சி முன்னைவிடப் பெரிய வெற்றி பெற்றதாக வானொலி சொன்னது. மருத்துவமனைக்குப் போனாள்.

"நான் சொன்ன மாதிரியே போட்டியாம்மா?"

"போட்டேன்."

அவன் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டான். பெரில் ஜன்னலோரம் போய் அவனுக்கு முதுகைக் காட்டி நின்றாள். அப்போதிருந்த முகத்தை அவனுக்குக் காட்ட அவள் விரும்பவில்லை.