சுறாவின் வாலைப் பிடித்த மாப்பிள்ளை

அன்று காலை படகில் இருந்தவர்கள் ஐந்து பேர்: படகை ஓட்டிய பெரியவர், அவருடைய தம்பி மகனான முக்குளிக்கும் மாப்பிள்ளை, பவளப்பாறையில் சுறாக்களை எண்ணிப் பதிவு செய்யும் பெண், அவளுடைய அப்பாவான பல் டாக்டர், அவளுடைய தாய்மாமன். ஆறாவதாக யாரும் இல்லை.

சம்பந்தம் பேசக் குறித்த நாளில் பெண்ணுக்கு வேலை வந்துவிட்டது. ஆகவே பேச்சு படகிலேயே நடந்தது.

"எங்க பரம்பரையில சுறாவுக்குப் பயந்தவங்க கிடையாது" என்றார் பெரியவர், முதுகு வளையாமல். அதை மெய்ப்பிக்க மாப்பிள்ளை உடனே கடலில் குதித்தான். பெண் மறுபக்கமாக இறங்கினாள்.

தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. கீழே பாறை இடுக்கில் நர்ஸ் சுறாக்கள் பகல் தூக்கத்தில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. யார் வம்புக்கும் போகாத சாதுக்கள்.

கால் மணி நேரத்தில் மாப்பிள்ளை படகோரமாகத் தண்ணீருக்கு மேலே தலை தூக்கினான். முழங்கையைக் கவ்வியபடி இரண்டடிக் குட்டிச் சுறா ஒன்று தொங்கியது.

"பாஞ்சு வந்து கடிச்சிருச்சு, பெரியப்பா."

பல் டாக்டர் குனிந்து பார்த்தார். "பல்லு பொடிசுதான். பிடிதான் கெட்டி. மனுஷனுக்கு இந்தப் பிடி இருந்தா எனக்குத் தொழிலே இருக்காது."

"விடாம தொங்குறதைப் பார்த்தா, அதுதான் சம்பந்தம் பேச வந்த மாதிரி இருக்கு" என்றார் தாய்மாமன்.

"கையைத் தண்ணிக்குள்ளயே வைங்க, அதுவா விட்டுரும்" என்றாள் பெண். விட்டது. பழைய இடத்துக்கே போய்ப் படுத்துக்கொண்டது.

பெண் ஏறி வந்து படிவத்தை எடுத்தாள். எண்ணிக்கை, ஏழு. செய்கை, உறக்கம். கடைசிக் கட்டத்தில் பேனா நின்றது: தானாகக் கடித்ததா, சீண்டியதால் கடித்ததா?

"நான் அந்தப் பக்கம் எண்ணிட்டிருந்தேன், பார்க்கல. நீங்க மேலேர்ந்து பார்த்தீங்கல்ல, ஐயா? என்ன போடட்டும்? சாட்சிக் கையெழுத்தும் உங்களோடதுதான்."

மாப்பிள்ளை கண்ணாலேயே கெஞ்சினான். குடும்ப மானம், பெரியப்பா. பெரியவருக்கு அது தெரியாதா? ஆனால் நாற்பது வருடப் படகுப் பதிவேட்டில் அவர் ஒரு பொய்யும் எழுதியதில்லை. அதுவும் குடும்ப மானம்தான்.

"தூங்கிட்டிருந்த ஜீவன். இவன்தான் வாலைப் பிடிச்சு இழுத்தான்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

பெண் படிவத்தை மடித்தாள். "பெரியவர் சொல்லை நம்பலாம்ப்பா. ஆனா தூங்குறதோட வாலை இழுக்கிறவரோட குடும்பம் நடத்த முடியாது."

சம்பந்தம் அத்தோடு முடிந்தது.

கையெழுத்துப் போடும்போது பெரியவரின் கை நடுங்கியதாகத் துறைமுகத்தில் பேசிக்கொள்கிறார்கள். நடுங்கவில்லை. படகுதான் ஆடியது.