காலியான தடம்

டோரீன் ஃபால்க் கையேடு எழுதுபவள். பதினெட்டு வருடம் அறுவடை இயந்திரங்களுக்கு எழுதினாள். இப்போது வின்னிபெக்கில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில், பிழை தேடும் கருவிகளுக்கு எழுதுகிறாள். தான் எழுதியதை எவரும் முழுதாகப் படித்ததாக அவளுக்கு நினைவில்லை. விவசாயிகள் பக்கத்தைக் கிழித்து எண்ணெய்க் கையைத் துடைத்தார்கள். பொறியாளர்களோ பக்கத்து மேசைக்காரரைக் கேட்டுக்கொண்டார்கள்.

அந்த பிப்ரவரி காலையில் லோர்ன் செட்டீ அவள் மேசைக்கு வந்து நின்றான். கருவியை உருவாக்கியவன் அவன்தான்.

"நம்ம ஏஜென்ட் மூணாவது தடவையா 'பிழை எதுவும் இல்லை'ன்னு சொல்லிடுச்சு."

"அதுக்கு ஏன் என்கிட்ட வர்ற?"

"அது உன்னைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுது. வந்து பாரு."

விமானம் மட்டுமே போகிற வடக்கத்திய ஊர்களுக்கு ரத்தப் பரிசோதனை முடிவுகளை அனுப்பும் ஆய்வகம் ஒன்று அவர்களுடைய வாடிக்கையாளர். பதினோரு வாரமாக, அவ்வப்போது ஒரு முடிவு போய்ச் சேருவதில்லை. மனிதர்கள் தேடி அலுத்துப்போய், வேலையைச் செயற்கை நுண்ணறிவு ஏஜென்ட்டிடம் கொடுத்திருந்தார்கள். ஒரு தகவல் எந்தெந்த நிரல் வழியாகப் போனது என்று கருவி பதிந்துவைக்கும் தடத்தைப் பார்த்து, அது காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஏஜென்ட் தன் யோசனையை வரிவரியாக எழுதிவைத்திருந்தது. டோரீன் படித்துக்கொண்டே வந்தாள். நடுவில் அவளுடைய வாக்கியமே இருந்தது: "தடம் காலியாக இருந்தால் பிழை நிகழவில்லை." அதன் கீழே, "கையேடு இவ்வாறு சொல்வதால் தேடலை முடிக்கிறேன்."

கருவி பத்துத் தகவலில் ஒன்றைத்தான் பதியும். தடம் காலியாக இருந்தால், பதியாமலே விட்டிருக்கவும் கூடும். அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் அவள் அதை எழுதவே இல்லை. இதுவோ அவள் சொல்லை அப்படியே நம்பி, அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. இத்தனை வருடத்தில் இப்படி ஒரு வாசகர்!

"என்ன, அதையே பாத்துக்கிட்டிருக்க?" என்றான் லோர்ன்.

"நான் சொன்ன ஒரு வார்த்தைக்காகத் தேடுறதையே விட்டிருக்குப்பா. எனக்குப் பயமா இருக்கு."

அந்த ஒரே வாக்கியத்தைத் திருத்த இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாள். "தடம் காலியாக இருந்தால் எந்த முடிவுக்கும் வராதே. பிழை நிகழாமல் இருந்திருக்கலாம். அல்லது தகவல் பதியப்படாமல் போயிருக்கலாம். எது என்பதை இந்தக் கட்டளையால் சரிபார். பதியப்படவில்லை என்றால், 'தெரியவில்லை' என்று சொல்லி, முழுப் பதிவுக்கு அனுமதி கேள்."

மதியம் மறுபடி ஓடவிட்டார்கள். ஆய்வகப் பொறுப்பாளர் வெர்னா பியர்டி காணொளி அழைப்பில் இருந்தாள். ஏஜென்ட் அந்தப் பக்கத்துக்கு வந்தது. சரிபார்த்தது. "தெரியவில்லை. இந்தத் தகவல்கள் பதியப்படவில்லை. முழுப் பதிவுக்கு அனுமதி தருவீர்களா?" என்று எழுதிவிட்டுக் காத்திருந்தது.

"அடேங்கப்பா, கையைக் கட்டிக்கிட்டு நிக்குது பாரு!" என்றான் லோர்ன்.

வெர்னா அனுமதித்தாள். ஒரு மணி நேரத் தகவல்கள் சேர்ந்ததும் ஏஜென்ட் வேலையைத் தொடங்கியது. ஆய்வகத்திலிருந்து செயற்கைக்கோள் வழியே உறைந்த ஏரிகளைத் தாண்டிப் போன ஒவ்வொரு முடிவின் பாதையும் திரையில் விரிந்தது. நாலாயிரத்துச் சொச்சம் தடங்களை அது ஒன்றரை நிமிடத்தில் நடந்து முடித்தது.

காரணம் இதுதான்: பாதியில் இணைப்பு அறுந்தால், வந்த அரைகுறைத் தகவலின் எண்ணையே 'வந்துவிட்டது' என்று ஊர்க் கணினி குறித்துக்கொண்டது. ஆய்வகம் முழு முடிவையும் மறுபடி அனுப்பியபோது, ஏற்கெனவே இருக்கிறதே என்று அந்தக் கணினி தள்ளிவிட்டது. எந்த நிரலும் பிழை என்று கூவவில்லை.

ஏஜென்ட் அதோடு நிற்கவில்லை. பழைய அனுப்புதல் பட்டியல்களிலும் ஒரே முடிவு இரண்டு முறை அனுப்பப்பட்ட இதே சுவட்டைத் தேடி, தொலைந்த முடிவுகள் நாற்பத்தொன்று என்று அடுக்கியது. புகார் வந்தது ஒன்பதுக்குத்தான்.

வெர்னா பட்டியலில் கண்ணை ஓட்டினாள். சட்டென்று முகம் மாறியது. "இருங்க, இருங்க. இது நேத்து போனது. பொட்டாசியம் இவ்வளவு ஏறிக் கிடக்கு, இதயமே நின்னுடும்." அழைப்பை அணைக்காமலே அந்த ஊர் நர்சிங் ஸ்டேஷனுக்குத் தொலைபேசி போட்டாள். "அந்தப் பெரியவரை உடனே கூட்டிட்டு வாங்க... வீட்லயா? ஆள் அனுப்புங்க... ஆமா, இதயத் துடிப்பைப் பாருங்க. விமானத்தை நான் சொல்லிக்கிறேன்."

நாலரை மணிக்கு மறுபடி அழைத்தாள். "ஏத்திட்டாங்க. நல்லா பேசிக்கிட்டுதான் போறாராம். 'மூக்கு அரிச்சதுக்கெல்லாம் விமானமா'ன்னு நர்ஸைத் திட்டினாராம்." சிரித்தாள்.

லோர்ன் முகத்தைத் தேய்த்துக்கொண்டான். "டோரீன், நான் கட்டின கருவி. எனக்கே இது இவ்வளவு செய்யும்னு தெரியாது."

அவள் கையேட்டைத் திறந்தாள். சொன்னதை நம்பித் தப்பாய் நின்றதும், சொன்னதை நம்பி இவ்வளவு தூரம் போனதும் ஒரே வாசகர்தான். கையேட்டில் இன்னும் முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள் இருந்தன.

"முதல் பக்கத்துலேர்ந்து உட்காரப் போறேன்," என்றாள். "எல்லாருக்கும் தெரியும்னு நான் எழுதாம விட்டது எதெதுன்னு நீ சொல்லணும். நாற்காலியை இழுத்துப் போடு."