பீரங்கி தவறவிட்ட கோல்கள்

ஊரில் யார் எந்த மூலையில் உட்கார்ந்து பீரங்கி போட்ட கோல் ஒன்றைச் சிலாகித்தாலும், அந்த நொடியே பீரங்கியின் வலது கால் தானாக ஓங்கி உதைத்துவிடும். பீரங்கி என்பது ஊர் வைத்த பட்டப்பெயர்; அவர் கால்பந்திலிருந்து ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம் இது ஆரம்பித்தது. பதினோரு வருடத்தில் இரண்டு சாப்பாட்டு மேசைகள் போயின, ஒரு பீரோக் கதவு போயிற்று. தபால் நிலைய வரிசையில் முன்னால் நின்ற கணக்கு வாத்தியாரும் ஒருமுறை குப்புற விழுந்தார், எழுந்து சட்டையைத் தட்டிவிட்டு, "எந்த கோல் சார்?" என்று மட்டும் கேட்டார். மனைவி கட்டிலில் இடப்பக்கம் மாறிப் படுத்துக்கொண்டார். எல்லாரும் பழகிக்கொண்டார்கள். முழங்கால்தான் பழகவில்லை.

"விளையாடித் தேஞ்சது கொஞ்சம்தான். மத்தவங்க பேசிப் பேசித் தேய்ச்சதுதான் அதிகம்" என்றார் மருத்துவர், எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தபடி. முழங்கால் மூட்டை மாற்ற வேண்டும், இரண்டு மணி நேரம் கால் அசையக் கூடாது, அசைந்தால் ஆயுசுக்கும் ஊன்றுகோல்தான். மரத்துப்போக ஊசி போட்டுப் பார்த்தார்கள். மரத்த காலும் உதைத்தது. மருந்துத் தட்டு கூரைக்குப் பறந்தது.

ரசிகர் மன்றத் தலைவரான வெல்டரிடம் மனைவி ஓடினார். "வியாழக்கிழமை ஆபரேஷன். அன்னைக்குக் காலைல மட்டும் யாரும் அவர் கோலப் பத்திப் பேசாதீங்கண்ணே." வெல்டர் தெருத்தெருவாக ஒலிபெருக்கியில் இதை அறிவித்ததுதான் வினையாகப் போயிற்று. பேசாதே என்றதும் ஊருக்கு வேறு பேச்சே ஓடவில்லை. மூன்று நாள் கால் ஓயாமல் உதைத்தது. மன்னிப்புக் கேட்க வந்த வெல்டர், பதற்றத்தில் என்ன பேசுவதென்று தெரியாமல், கீப்பர் இல்லாத கோலில் பீரங்கி பந்தை வெளியே அடித்த கதையை எடுத்துவிட்டார். பாதி வீச்சில் இருந்த கால் பொத்தென்று விழுந்து கட்டைபோல் கிடந்தது.

"இவர் மானம் போனாலும் பரவால்லண்ணே, இதையே சொல்லுங்க" என்றார் மனைவி.

வியாழக்கிழமை அறுவை அறை ஜன்னலுக்குக் கீழே முந்நூறு பேர் கூடி, அவர் தவறவிட்டதையெல்லாம் நாள், நிமிடத்தோடு ஆசைஆசையாகச் சொன்னார்கள். உள்ளே பச்சைத் துணிக்குப் பின்னால் விழித்தபடி படுத்திருந்த பீரங்கி ஒன்றுவிடாமல் கேட்டார். "டாக்டர், அது ஆஃப்சைடு" என்று ஒருமுறை முறையிட்டும் பார்த்தார்.

ஒன்றரை மணி நேரத்தில் சரக்கு தீர்ந்தது. யாரோ பெருமூச்சுவிட்டு, "ஆனாலும் அந்த ஃபைனல்ல..." என்று இழுக்க, கால் கட்டைவிரல் துடித்தது. மருத்துவரின் கை நின்றது. பீரங்கி கழுத்தைத் தூக்கி ஜன்னலைப் பார்த்துக் கத்தினார்: "அரையிறுதி பெனால்டி! காத்து தள்ளிடுச்சுன்னு சொன்னது பொய்! பயத்துல கண்ண மூடிட்டேன்!"

மனைவியிடம்கூடச் சொல்லாதது அது. கீழேயிருந்து வெல்டரின் குரல் வந்தது: "தெரியும் தலைவரே! நாங்க உங்க மூஞ்சியத்தானே பாத்துக்கிட்டிருந்தோம்!"

தையல் முடியும்வரை முந்நூறு பேரும் அந்தப் பெனால்டியை, அன்று தத்தம் இருக்கையிலிருந்து கண்ட விதத்தில் சொன்னார்கள். கால் அசையவில்லை. பீரங்கி கண்ணீர் விட்டதை, மருந்தின் பக்கவிளைவு என்று மருத்துவர் குறித்துக்கொண்டார்.

புது மூட்டோடு கால் இப்போது ஒரு சாண் கூடுதலாகவே எழும்புகிறது. தினமும் முப்பது தடவை காலைத் தூக்கிப் பயிற்சி செய்யச் சொல்லியிருக்கிறார்கள். மன்றத்தார் முறைவைத்து அதைக் கவனித்துக்கொள்கிறார்கள். பத்து மணிக்குப் பீரங்கி நாற்காலியில் சாய்ந்து செய்தித்தாளை விரிக்கிறார், மனைவி எண்ணுகிறார். எண்ணிக்கை குறைந்தால் வெல்டருக்குப் போன் போடுகிறார். "அண்ணே, இன்னும் ரெண்டு கோல் வரணும்."