மகேந்திரராசா விற்ற காணி

நகரசபை அலுவலகப் பெண் மேசையில் விரித்த வரைபடத்தில் யோசெப்பினின் காணி முழுக்க நீலக்கோடு போட்டிருந்தது. அவள் பிரெஞ்சில் சொன்னதை மகள் துஷாந்தினி தயங்கித் தயங்கித் தமிழில் சொன்னாள்.

"அம்மா, இது வெள்ளம் வாற இடமாம். வீடு கட்ட ஒரு நாளும் விடமாட்டாங்களாம்."

மட்டக்களப்பிலிருந்து இந்தப் பனி நாட்டுக்கு அகதியாக வந்து, பதினாலு வருசம் ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிப் பெட்டி தூக்கியவள் யோசெப்பின். 2006 அக்டோபரில்தான் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ பாலம் தாண்டி, ஆற்றோரமாக அந்தக் காணியை வாங்கினாள். விற்றவர் நகரத்தின் அஹுன்ட்சிக் பகுதியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் மகேந்திரராசா. அவள் வந்த புதிதில் அகதி விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்த மனிதர். ஆறு கிட்டக் கிடக்குதே, தண்ணி ஏறாதா என்று அவள் அப்போதே கேட்டாள். "பனி கரையேக்க கொஞ்சம் ஈரமா இருக்கும், பிள்ளை. அவ்வளவுதான்" என்றார்.

"மூணு வருசத்துக்கு முந்தி இதே காணியில வீடு கட்ட ஒராள் கேட்டு, ஏலாதெண்டு எழுதிக் குடுத்திருக்காங்களாம்" என்றாள் துஷாந்தினி.

"ஆரு?"

அலுவலகப் பெண் கோப்பைத் திருப்பிக் காட்டினாள். மகேந்திரராசாவின் பெயர்.

யோசெப்பின் நேரே அவருடைய கடைக்குப் போனாள். பின்னேரச் சனம் நிறைந்திருந்தது.

"உங்களுக்கே வீடு கட்ட ஏலாதெண்டு சொன்ன காணியை எனக்கு ஏன் வித்தீங்க, அண்ண?"

அவருடைய சிரிப்பு அப்படியே நின்றது. "உள்ளுக்கு வாங்கோ, கதைப்பம்."

"இல்ல. இஞ்சயே சொல்லுங்க."

"வீடு கட்ட விடுவினமோ எண்டு நீங்கள் கேக்கேல்லையே."

அந்தப் பதில்தான் அவளை எரித்தது. "தண்ணி ஏறுமா எண்டு கேட்டனே! விற்பனைப் படிவத்திலயும் வெள்ள ஆபத்து இல்லையெண்டு எழுதியிருக்கீங்க. என்ட மனுசனைச் சுட்டுப்போட்ட கதையை எழுதித் தந்த கையாலதானே இதையும் எழுதினீங்க?"

ஒரு கிழவர் கூடையை வைத்துவிட்டு வெளியே போனார்.

யோசெப்பின் வழக்குப் போட்டாள். "எங்கட ஆக்களுக்குள்ள கோடு கச்சேரி எதுக்கு?" என்று சமாதானம் பேச வந்தவர்களைத் தேத்தண்ணிகூடக் கொடுக்காமல் அனுப்பினாள். பத்து மாதம் இழுத்து, விசாரணைக்கு ஒரு கிழமை இருக்கையில் மகேந்திரராசா பணத்தைக் கொடுத்துக் காணியைத் திருப்பி எடுத்துக்கொண்டார்.

முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அடுத்து வந்த ஏப்ரலில், புதிதாகக் கலியாணம் முடித்த றொஷான் என்ற இளைஞனுக்கு மகேந்திரராசா அதே காணியை விலை பேசுவதாகக் கேள்விப்பட்டாள். அன்றே றொஷானையும் மனைவியையும் மகளின் காரில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டினாள். இடுப்பளவு தண்ணீர். வேலிக்கட்டைகளின் நுனி மட்டும் வெளியே தெரிந்தது. றொஷானின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

இரவு முடியுமுன் மகேந்திரராசா போன் எடுத்தார். "உன்ர காசு முழுக்கத் தந்திட்டன். பேந்தும் ஏன் என்ர வியாபாரத்தைக் கெடுக்கிறாய்?"

"எனக்குச் சொன்ன பொய்யை இன்னொராளுக்குச் சொல்ல விடமாட்டன். நீங்க ஆருக்கு விலை பேசினாலும் அங்க வருவன்" என்று போனை அடித்து வைத்தாள்.

மறுகிழமை காணியிலிருந்த விற்பனைப் பலகையைக் கழற்றிவிட்டார்கள் என்று றொஷான் வந்து சொன்னான். நல்லது என்றாள். ஆனாலும் பஸ் அந்தக் கடையைக் கடக்கும்போதெல்லாம் பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டுதான் இருந்தாள்.